குலதெய்வத்தைச் சாவியாக வைத்த வகுப்பு

அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒப்பிட்டு வாசனை, எங்கள் பக்கத்துப் போளியின் வாசனை, வந்துவிட்டது. கடலைப்பருப்பும் வெல்லமும் ஏலக்காயும் கலந்து, தோசைக்கல்லில் நெய் காயும் வாசனை. வேறு எந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். அன்றைக்கு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றேன்.

சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கை வைத்துப் பார்த்தேன், விரலில் ஒட்டியது. அக்கம்பக்கத்தில் வாங்கி வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. சிவப்பில் நாலு, நீலத்தில் மூன்று. இன்னும் இரண்டு நாற்காலிகளுக்காக வீட்டுக்காரர் எதிர்வீட்டுக்குப் போயிருந்தார்.

கரண்டியும் கையுமாக வெளியே வந்த மாதம்மா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரித்தார். மாதம்மா என்பவர் என் வகுப்புத் தோழி மஞ்சுளாவின் அம்மா. நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"மஞ்சுளாவோட படிக்கற பொண்ணா? வா பாப்பா. நல்ல நேரத்துல வந்த. பொண்ணு பாக்க வர்றாங்க. உள்ள போயி அவளுக்குத் தலை சீவி வுடு."

பதினொரு மணிக்குப் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. அவர்கள் வரமாட்டார்கள் என்று அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று மஞ்சுளா, இன்னொன்று நான். ஏனென்றால் அந்த மாப்பிள்ளை வீட்டாரே நான்தான்.

பெயர் மட்டும் பெரிசு

எங்கள் கல்லூரி லேபில் பதினைந்து கம்ப்யூட்டர்களில் ஒன்பதுதான் ஓடும் என்று இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். கூடப் படித்த ஒருவர் போன் செய்து, ஒன்பது இல்லை, எட்டு, ஒன்பதாவதுக்கு மவுஸே கிடையாது என்றார். திருத்திக்கொள்கிறேன்.

அந்த எட்டு கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டுதான் மூன்றாம் ஆண்டில் 'கிரிப்டோகிராஃபி அண்ட் நெட்வொர்க் செக்யூரிட்டி' படித்தோம். பாடத்தின் பெயரை நோட்டு அட்டையில் எழுதினால் என் பெயருக்கு இடம் இருக்காது. நாங்கள் சி.என்.எஸ். என்று சுருக்கிவிட்டோம். எங்கள் அப்பா யாராவது கேட்டால், "கம்ப்யூட்டருக்குப் பூட்டு போடற படிப்பு" என்று சொல்லிவிடுவார். பாடத்திட்டத்தில் இருந்த விளக்கத்தைவிட அது தெளிவாகவே இருந்தது.

பாடம் எடுத்தவர் ரேவதி மேடம். மொரப்பூரில் ரயில் இறங்கி, அப்புறம் பஸ் பிடித்து வருவார். ரயில் தாமதமானால் முதல் பீரியட் எங்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் வந்துவிட்டால் கொட்டாவி விட நேரம் தரமாட்டார்.

எங்கள் புத்தகத்தில் எல்லா உதாரணத்திலும் இரண்டு வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள், மூன்றாவது ஆள் ஒட்டுக்கேட்பார். மேடம் முதல் நாளே அவர்களை வெளியே அனுப்பிவிட்டார். காரிமங்கலத்திலிருந்து ஒருவர் மொரப்பூரில் இருப்பவருக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும், நடுவில் பஸ்ஸே காது கொடுத்துக் கேட்கிறது, எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். உடனே புரிந்துவிட்டது.

எனக்கு எல்லோரையும்விட நன்றாகப் புரிந்தது. நான் தினமும் காரிமங்கலத்திலிருந்து வந்தவள். அதிலும் சந்தை நாளில் அந்த பஸ்ஸில் ரகசியம் என்று ஒன்று பிழைக்கவே முடியாது. ஒரு கையில் கோழி, ஒரு கையில் போன், போனிலோ ஸ்பீக்கர். ஓர் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் எந்தத் தேதியில், எந்த டாக்டர், எந்த நாத்தனார் துணைக்கு வர மறுத்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் பெயர் மட்டும் இன்றுவரை தெரியாது.

ஒட்டுக்கேட்பதை நான் கெட்ட பழக்கமாக நினைத்ததே இல்லை. காது இருக்கிறது, கேட்கிறது, நான் என்ன செய்ய முடியும்? அந்தப் புத்தகத்தில் வந்த மூன்றாவது ஆள்மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஒரு பாசம்.

மேடம் சொன்னதில் இன்றைக்கும் மறக்காமல் இருப்பவை இரண்டு. ஒன்று, பூட்டு எந்தக் கம்பெனி, எப்படி வேலை செய்கிறது என்பதெல்லாம் திருடனுக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, சாவி மட்டும் தெரியக் கூடாது. இன்னொன்று கோயில் உண்டியல். யார் வேண்டுமானாலும் உள்ளே போடலாம், திறக்கிற சாவி ஒருவரிடம்தான் இருக்கும். பொதுச்சாவி, தனிச்சாவி என்று புத்தகம் பத்துப் பக்கம் முக்கி முனகியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

நோட்டீஸ் போர்டில் ஆறு சீட்டுகள்

மாமரங்களில் பிஞ்சு எலுமிச்சை அளவுக்கு வந்திருந்த சமயம். மேடம் ஒரு போட்டி வைத்தார்.

முப்பது பேர், ஆறு குழுக்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வாக்கியத்தை மறையெழுத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் குத்த வேண்டும். தமிழ் வாக்கியம்தான், ஆனால் செல்போனில் அடிப்பதுபோல் ஆங்கில எழுத்துகளில். முறை எல்லோருக்கும் ஒன்றே. ஒரு சாவிச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு எழுத்தும் சொல்கிற அளவுக்கு வாக்கியத்தின் எழுத்துகளைத் தள்ளிப்போட வேண்டும். மூன்று இடம் தள்ளினால் A என்பது D ஆகிவிடும். சாவி முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. சாவி தெரிந்தவன் அதே அளவுக்குப் பின்னால் வந்தால் வாக்கியம் கிடைத்துவிடும்.

வேறொரு குழுவின் சீட்டை உடைத்தால் ஐந்து இன்டர்னல் மார்க். உங்கள் சீட்டு உடைந்தால் ஐந்து போச்சு. இரண்டு வாரம் கெடு.

எனக்கு ஒரே ஒரு சீட்டுமேல்தான் கண். அது மஞ்சுளா குழுவின் சீட்டு.

மஞ்சுளா இண்டூர்ப் பக்கத்துப் பெண். முதல் பெஞ்ச், இரண்டு நிறப் பேனா, அதிகம் பேசமாட்டாள். ஐந்து செமஸ்டராக அவள் முதல், நான் இரண்டாவது. இரண்டாவதாக வருவது எனக்கு ஒத்துக்கொள்ளாது. அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு இந்தப் பாடத்தின்மேல் உண்மையாகவே ஆசை. எனக்கு மார்க் ஆசை, அவளுக்குப் பாட ஆசை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இதையே எம்.எஸ்சி.யாகப் படிக்க விண்ணப்பம் வாங்கி நிரப்பி, பைல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். அதில் அவள் அப்பாவின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஒரு மாதமாக மன்றாடி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். திங்கட்கிழமை தபாலில் சேர்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அந்த வருஷம் கிடையாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், யோசிக்காமல் செய்தேன்.

அவளுடைய சீட்டு கெட்டிக்காரத்தனமான சீட்டு. வாக்கியத்தைச் சின்னதாக வைத்திருந்தாள். நீளமான வாக்கியமாக இருந்தால் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி எண்ணியே ஓரளவு பிடித்துவிடலாம். இதில் எண்ணுவதற்கே ஒன்றும் இல்லை. நாங்கள் ஐந்து பேரும் ஒரு வாரம் கட்டம் போட்டு, கட்டம் கிழித்து, வாய்க்கு வந்ததைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நாங்கள் என்ன சாவி வைத்தோம்? வேடியப்பன். எங்கள் குலதெய்வம். ஏன் வைத்தோம்? மறக்காது, நல்ல காரியத்துக்கு முதலில் நினைக்க வேண்டிய பெயர், மார்க்குக்கும் ஒரு காப்பு. நான் வேடியப்பனை வைத்திருந்தால் மற்றவர்கள் மட்டும் என்ன வைத்திருப்பார்கள்?

முனியப்பன், பெரியாண்டிச்சி, அங்காளம்மன், மாரியம்மன் என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் மஞ்சுளாவின் சீட்டின்மேல் வைத்துப் பார்த்தேன். யாரும் அருள்பாலிக்கவில்லை. சாமி யார் என்பதை அந்த வீட்டில்தான் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஒரு வீட்டில் குலதெய்வம் எது என்று உரிமையோடு கேட்கக்கூடியவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வகை மனிதர்கள்தான்.

பாலக்கோட்டு அக்கா

சம்பந்தம் பேச வருகிறவர்கள். அவர்கள் பெண் என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால் குலதெய்வத்தைத்தான் கேட்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே சாமி என்றால் பங்காளி முறை, பேச்சு அதோடு முடிந்தது. வேறு சாமி என்றால்தான் மேற்கொண்டு காப்பி.

மஞ்சுளாவின் போனில் சார்ஜ் இல்லாத ஒரு நாள் என் போனிலிருந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டிருந்தாள். நம்பர் என் போனில் கிடந்தது. என் நம்பர் அந்த அம்மாவிடம் இருக்குமே என்று என் குழுவிலிருந்த சரவணனின் போனை வாங்கிக்கொண்டேன். புதன்கிழமை மதியம், கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் குழாய் ஓரம். என் குழுவினர் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள்.

குரலை நாற்பது வயதுக்கு இறக்கினேன். நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம், பையனுக்குப் பெங்களூரில் வேலை, உங்கள் வீட்டில் பெண் இருப்பதாகச் சந்தையில் சொன்னார்கள் என்றேன். மறுமுனையில் மாதம்மாவின் குரல் சட்டென்று மரியாதையாகிவிட்டது. உட்காருங்க என்று போனிலேயே சொன்னார், அவ்வளவு பதற்றம்.

பெண் என்ன படிக்கிறது என்று கேட்டேன். கம்ப்யூட்டர் என்றார். கம்ப்யூட்டரில் என்ன என்று, நிஜமாகவே சம்பந்தம் பேசுகிறவள்போல், அதையும் கேட்டு வைத்தேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "அதெல்லாம் பெரிய படிப்புங்க" என்றார்.

பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"தொட்டம்மாங்க. எங்க பெரியவங்க காலத்துல அந்தப் பக்கம் கர்நாடகாவுலருந்து கும்புட்டுக்கிட்டு வந்த சாமி. ஒங்களுக்கு என்ன சாமிங்க?"

இதற்கு நான் ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருக்கவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வைத்திருந்தேன். யாராவது உன் குலதெய்வம் எது என்று கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடும், பொய் சொல்லவும் பயம். வேடியப்பன் என்று சொல்லிவிட்டேன்.

முறை வருகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். அத்தோடு நான் போனை வைத்திருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் போனை வெறுமனே வைக்க மாட்டோம். வர்றோம், போறோம், ஒரு நாள் வந்து பார்க்கிறோம் என்று ஏதாவது சொல்லித்தான் வைப்போம். நான் சொன்னது, "ஞாயித்துக்கெழம பதனோரு மணிக்கா வந்து பாக்கறங்க அக்கா." மணியைக்கூட ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நடிப்பில் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டேன்.

இப்போது நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பார்க்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். ஊழியர்களுக்குப் போன் செய்து, வேறு யாரோபோல் பேசி, கடவுச்சொல்லைக் கொடுத்துவிடுகிறார்களா என்று சோதிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிட்டு, மேலதிகாரியின் அனுமதியோடு செய்கிறோம். அந்த அனுமதிக் கடிதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கேன்டீன் குழாய் ஞாபகம் வரும்.

அன்று சாயங்காலமே தொட்டம்மா சீட்டைத் திறந்துவிட்டாள். கட்டத்தில் எழுத்து எழுத்தாகக் கழிக்கக் கழிக்க வாக்கியம் வந்தது: 'ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைக் கண்டவர் உண்டா.' நான் லேபில் கத்திய கத்தலுக்கு வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாண்டில்

வியாழக்கிழமை விடையை மேடத்திடம் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மஞ்சுளாவும் ஒரு தாளைக் கொண்டுபோய் மேடம் மேஜையில் வைத்தாள். எங்கள் குழுவின் சீட்டு, முழுதாகத் திறந்திருந்தது. தாளின் தலையில், பச்சைப் பேனாவில், வேடியப்பன் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

எனக்குக் காது சூடானது. வேடியப்பனைப் பற்றி அந்த வாரம் நான் வாய் திறந்தது ஒரே ஒரு ஆளிடம்தான்.

சாயங்காலம் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அவளாகவே என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். அமைதியாக இருந்தாள். அவள் அம்மா வந்த சம்பந்தத்தைப் பற்றி மூன்று நாளாக வாய் ஓயாமல் பேசுவதாகச் சொன்னாள். பாலக்கோடு, பெங்களூர் வேலை, கம்ப்யூட்டரில் என்ன என்ற கேள்வி, அப்புறம் வேடியப்பன். தொட்டம்மாவை விசாரித்த மறுநாளே தன் சீட்டு உடைந்ததும் சந்தேகம் வந்து, வேடியப்பனை எங்கள் சீட்டின்மேல் வைத்துப் பார்த்தாளாம். திறந்துகொண்டதாம்.

அப்பா சுண்ணாம்பு அடிக்கிறார், எம்.எஸ்சி. விண்ணப்பம் இனி எதற்கு, நல்ல இடம் வரும்போது கோயம்புத்தூருக்கு அனுப்பினால் பேச்சு கெட்டுவிடும் என்கிறார், கையெழுத்து போட மாட்டேன் என்றுவிட்டார் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

எனக்கு உடனே ஒரு வழி தோன்றியது. மறுபடியும் அதே குரலில் போன் செய்து, பையனுக்கு வேறு இடம் அமைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"அப்ப எங்கம்மா என்ன நெனைக்கும்?" என்றாள் மஞ்சுளா. "எம்புள்ளகிட்ட என்ன கொறை கண்டாங்கன்னு நெனைக்கும். ஒரு மாசம் சோறு எறங்காது. எங்கப்பா வேற எடம் பாக்க ஆரம்பிச்சுருவாரு."

அப்படியானால் நீயே உண்மையைச் சொல்லிவிடேன் என்றேன்.

"நான் சொன்னா நம்புவாங்களா? கல்யாணத்துக்குப் பயந்து கத கட்றன்னுவாங்க. பண்ணவ வந்து சொல்லணும், சங்கீதா. நீதான்னு நீதான் காட்டணும்."

அடுத்த வாரம் மேடம் நடத்தவிருந்த பாடம் டிஜிட்டல் கையெழுத்து. ஒரு சேதியை இவர்தான் அனுப்பினார், பிறகு நான் இல்லை என்று அவர் மறுக்க முடியாது, இதை எப்படி உறுதி செய்வது என்பது. எனக்கு அது ஒரு வாரம் முன்னதாக, இண்டூர் பஸ் நிற்கிற இடத்தில் நடத்தப்பட்டது.

சனிக்கிழமை சரவணன் கூப்பிட்டான். அந்த அம்மா மூன்று தடவை போன் செய்துவிட்டார், எடுக்கவே பயமாக இருக்கிறது, போனை அணைத்து அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

நிஜமாக இருந்த ஒன்று

மறுபடி அந்த வாசலுக்கு வருகிறேன்.

தலை சீவிவிடச் சொன்ன மாதம்மாவிடம், அந்தப் போனைச் செய்தது நான்தான் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். இடையில் நிறுத்தினால் ஓடிவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

அவர் சிரித்தார். என் தோளுக்கு மேலே உள்ளே பார்த்து, ஏன்டி, சம்பந்தத்தைக் கலைக்கத் தோழிக்குச் சொல்லிக்கொடுத்து வரவழைத்தாயா என்று மகளைக் கேட்டார். மஞ்சுளா பட்டுப்புடவையோடு கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் அப்பா தலையில் இரண்டு நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து வந்தார். என்ன என்றார். மாதம்மா சொன்னார். அவரும் நம்பவில்லை.

"அந்தம்மா பேசுன பேச்ச நீ பேசு, பாக்கலாம்" என்றார் மாதம்மா.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு குரலை நாற்பது வயதுக்கு இறக்கினேன். "நாங்க பாலக்கோட்டுப் பக்கங்க அக்கா. பையனுக்குப் பெங்களூர்ல வேல. ஒங்க வூட்டுல பொண்ணு இருக்குதுன்னு சந்தையில சொன்னாங்க."

மாதம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சிவப்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"பையன்?"

"இல்லீங்கம்மா."

"பெங்களூரு வேல?"

"இல்லீங்கம்மா."

"வேடியப்பன்?"

"அது மட்டும் நெசங்கம்மா."

கல்லில் ஒரு ஒப்பிட்டு கருகுகிற வாடை வந்தது, யாரும் போய்த் திருப்பவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவ்வளவு சுலபமாக அழுகிறவள் இல்லை.

எதற்காகச் செய்தாய் என்று கேட்டார். ஐந்து மார்க்குக்கு என்றேன், சீட்டையும் சாவிச்சொல்லையும் விளக்கினேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மகளைப் பார்த்து, "பொட்டிக்குப் பூட்டு போடத் தொட்டம்மாதான் கெடச்சாளா ஒனக்கு?" என்று கேட்டார். மறக்காது அல்லவா அம்மா என்றாள் மஞ்சுளா.

அப்புறம் மாதம்மா சொன்னது எனக்குச் சாகும்வரை மறக்காது. என்னைப் பார்க்காமல், மடியில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ கேட்டியே, கம்ப்யூட்டர்ல என்ன படிக்குதுன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. வந்தவங்க இன்னிக்கும் கேப்பாங்களேன்னு அவ நோட்டு அட்டையப் பாத்து நாலு நாளா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கேன். கிரிப்டோகிராபி அண்டு நெட்டொர்க்கு செக்கூரிட்டி." ஒரு வார்த்தை பிசகவில்லை. "இனி யாருகிட்ட சொல்றது?"

"எங்கிட்ட சொல்லுங்கம்மா" என்றாள் மஞ்சுளா. வந்து தரையில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படிப்பு என்ன என்று மேடத்தின் உண்டியலிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். வெளியே பேசுகிற ஆள் உண்மையான ஆள்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, நடுவில் ஒருவர் வேஷம் போட்டு வந்தால் எப்படித் தடுப்பது என்பதுவரை வந்தாள். தலை பாதி சீவினபடியே கிடந்தது.

அவள் அப்பா தலையிலிருந்த நாற்காலிகளை இறக்கவே மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, இந்தப் பொண்ணாட்டம் ஆளுங்களப் புடிக்கறதுக்குத்தான் அந்தக் கோயம்புத்தூர் படிப்பா?"

ஆமாம் என்றாள் மஞ்சுளா. வேறு வழியில்லாமல் நானும் ஆமாங்க என்றேன்.

"அப்ப அது படிக்க வேண்டியதுதான்" என்றார். நாற்காலிகளை இறக்கி வைத்து, ஒன்றில் உட்கார்ந்து, விண்ணப்பத்தை எடுத்துவரச் சொல்லி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, கையெழுத்தை நிதானமாகப் போட்டார். பேனா நான் கொடுத்தது.

மாதம்மா எனக்குக் காப்பி கொடுத்தார். ஒப்பிட்டு கொடுக்கவில்லை. அது மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தது என்றார். என் கண் முன்னாலேயே அத்தனையையும் அடுக்கில் எடுத்து, நெய் ஊற்றி, நாற்காலி கொடுத்த வீடுகளுக்கெல்லாம் பங்கு வைத்து அனுப்பினார். நான் காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மேடத்திடமும் போய்ச் சொல்லிவிட்டேன். சீட்டை உடைத்ததற்கு ஐந்து மார்க் போட்டார், உடைத்த விதத்துக்கு ஐந்தைக் கழித்தார், எங்கள் சீட்டு உடைந்ததற்கு இன்னொரு ஐந்தைக் கழித்தார். பிறகு எல்லாக் குழுவின் சாவியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஆறில் நான்கு குலதெய்வம். வகுப்பு சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் நின்று போனை எடுத்து எதையோ வேகமாக மாற்றிக்கொண்டிருந்தார்.

இன்னொரு ஞாயிறு

மஞ்சுளா கோயம்புத்தூர் போனாள், முதல் வகுப்பில் தேறினாள், இன்றைக்கு என்னைப் போன்ற குரல்களைப் பிடிக்கிற வேலையில் இருக்கிறாள். அவளிடம் நான் இன்னும் இரண்டாவதுதான். இப்போது அது கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது.

சில மாதங்களுக்கு முன் என் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து, எல்லா நம்பரும் போனது. எனக்கு மனப்பாடமாக இருந்தது மாதம்மாவின் நம்பர் ஒன்றுதான். புது நம்பரிலிருந்து கூப்பிட்டு, சங்கீதா பேசுகிறேன், மஞ்சுளா நம்பர் வேண்டும் என்றேன்.

மறுமுனை உடனே உஷாராகிவிட்டது. "எந்தச் சங்கீதாங்க?"

காரிமங்கலம் சங்கீதா, கூடப் படித்தவள் என்றேன். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றார். அன்றைக்குப் பாலக்கோட்டுக் குரலில் பேசினேனே என்றேன். அந்தக் கதை ஊருக்கே தெரியும் என்றார்.

"நீ சங்கீதாதான்னா ஒண்ணு சொல்லு. அன்னிக்கி எங்க வூட்டுல என்ன சாப்புட்ட?"

கதை தெரிந்த எவரும் ஒப்பிட்டு என்றுதான் சொல்வார்கள்.

"காப்பி மட்டுந்தாங்கம்மா. ஒப்பிட்டு ஒண்ணுகூட நீங்க குடுக்கல."

போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் சிரிப்பு.

"நீதான் பாப்பா" என்றார். நம்பரை இரண்டு தடவை சொல்லி, என்னைத் திருப்பிச் சொல்லவைத்து, சரிபார்த்தார். வைக்கப்போகும்போது சொன்னார்: "ஞாயித்துக்கெழம வா. செஞ்சு வெக்கறேன். வர்றேன்னு சொல்லிப்போட்டு வராம இருந்துராத."

பதினொரு மணிக்கு வருகிறேன் என்றேன். பத்தரைக்கே போய்விட்டேன். வாசலில் ஒரே ஒரு சிவப்பு நாற்காலி போட்டிருந்தது.